சாதகம் செய்யாத பிள்ளைகளும் நான் தொலைத்த ஒன்றரை வருடமும்

2022 தை மாதம் கிளிநொச்சிப் பக்கத்தில் ஓர் இசைப் பாடநெறிக்கு வாய்ப்பாட்டு ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தேன். உயர்தரம் முடித்த பிள்ளைகள் இரண்டு வருடம் படிக்கிற பாடநெறி. இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். என் வகுப்பில் 11 பேர், 9 பெண் பிள்ளைகள், 2 பையன்கள். விசுவமடு, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், மாங்குளம், முழங்காவில் என்று ஆளுக்கொரு திசையிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். மருதனார்மடத்தில் சங்கீதம் படித்த படிப்பும், யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்த பழக்கமும் என்னிடம் இருந்தன. பாடத் தெரியும், பாடிக் காட்டத் தெரியும். ஒரு பிள்ளையைத் தன் வீட்டில் தானாக உட்கார்ந்து சாதகம் செய்ய, அதாவது தினமும் பாடிப் பழக வைப்பது எப்படி என்று மட்டும் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதைக் கற்றுக்கொள்வதற்குள் ஒன்றரை வருடமும், கையிலிருந்த காசும், கொஞ்சக் காலம் என் குரலும் போய்விட்டன. புதிதாக வன்னிக்குப் படிப்பிக்க வரும் சங்கீத ஆசிரியர் யாராவது இதை வாசித்தால், அந்த ஒன்றரை வருடம் அவருக்காவது மிஞ்சட்டும்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். பலர் வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் எழுதி வந்தவர்கள். ஆனால் பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது நெட்டுருப் பண்ணிப் பாடி, முடிந்ததும் கொப்பியை மூடி வைத்துப் பழகியவர்கள். திங்கட்கிழமை மோகன ராக வர்ணத்தில் ஓர் ஆவர்த்தனம் (ஒரு தாளச் சுற்று) சொல்லிக்கொடுத்தால், வியாழக்கிழமை வரும்போது சாகித்தியம் (பாட்டின் சொல்) இருக்கும், கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் அழகு) போயிருக்கும். அடுத்த திங்கள் மறுபடி முதலிலிருந்து. அடிப்படையும் அப்படித்தான். முதற்பாடங்கள் பாடுகிற மாயாமாளவகௌளை ராகத்தில் ரிஷபத்திலிருந்து (ரி) காந்தாரத்துக்கு (க) ஏறுகிற இடைவெளி பெரியது. தினமும் பாடினால்தான் தொண்டைக்கு அந்தத் தூரம் பழகும். என் வகுப்பில் காந்தாரம் ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில் வந்து நின்றது. "வீட்டில பாடினீங்களோ?" என்று கேட்பேன். "ஓம் ரீச்சர்" என்பார்கள். பாடவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். இப்படியே நான்கு மாதம் போனது. நான் ஏசினேன். ஏசினால் அடுத்த வகுப்புக்கு இரண்டு பேர் வரமாட்டார்கள்.

அது நாடே தடுமாறிய காலம். பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்கூட மின்சாரம் இல்லை. பெற்றோல் வரிசையால் பஸ்ஸும் ஒழுங்காக ஓடவில்லை. அதனால்தான் பிள்ளைகள் பாடவில்லை என்று முதலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆடிக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் சீராகியும் ஒன்றும் மாறவில்லை. அப்போதுதான் சாதகக் கொப்பி என்று ஒன்றைக் கொண்டுவந்தேன். திகதி, எத்தனை நிமிடம் பாடினேன், என்ன பாடினேன், பெற்றோர் கையெழுத்து. கிழமைக்கு ஒருமுறை பார்த்துப் புள்ளி போடுவேன். முதல் மாதக் கொப்பிகளைப் பார்த்து உண்மையில் சந்தோசப்பட்டேன். ஒருவர்கூட ஒரு மணித்தியாலத்துக்குக் குறையவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் பார்த்தேன். ஏழு கொப்பியில் ஒரு கிழமை முழுவதும் ஒரே பேனை, ஒரே அழுத்தம். எழுத்துகள் எல்லாம் ஒரே பக்கம் குலுங்கியிருந்தன, ஓடுகிற பஸ்ஸில் இருந்து எழுதினால் வருமே, அப்படி. ஒரு கொப்பியில் சனிக்கிழமைக்கும் ஒரு மணித்தியாலம் போட்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை அடுத்த நாள்தான் வரவிருந்தது. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளைகள் பொய் சொல்லிவிட்டார்கள் என்பதைவிட, பொய் சொல்லும்படி ஒரு கொப்பியை நானே அடித்துக் கொடுத்தேனே என்பது வலித்தது. நிமிடத்தைக் கேட்டால் பிள்ளை நிமிடத்தைத் தரும். பெற்றோர் கையெழுத்தைக் கேட்டால் அதையும் வாங்கித் தரும். அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பின்னால் சொல்ல இருக்கிறது.

அடுத்தது பரிசு. ஒரு தவணை முழுக்க நன்றாகச் சாதகம் செய்கிற இரண்டு பேருக்கு இலத்திரனியல் சுருதிப் பெட்டி என்று அறிவித்தேன். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 தாண்டிப் போயிருந்த நேரம், இறக்குமதிச் சாமான் எதையும் தொட முடியாது. பெட்டி ஒன்று 24,000 ரூபாய்ப்படி இரண்டு வாங்கினேன். மணித்தியாலக் கணக்குச் சம்பளம் மூன்று மாதம் பிந்தித்தான் வரும் என்பதால் சீட்டுக் காசில் கைவைத்தேன். என்ன நடந்தது? யாருக்குக் கிடைக்கும் என்று முதல் நாளே வகுப்புக்குத் தெரிந்துவிட்டது. பரிசு இல்லாவிட்டாலும் பாடியிருக்கக்கூடிய இரண்டு பிள்ளைகள் அவற்றை வாங்கிப் போனார்கள். மற்ற ஒன்பது பேரும் தாங்கள் பாடி என்ன ஆகப்போகிறது என்று இருந்த கொஞ்சத்தையும் விட்டார்கள். அந்தப் பெட்டிகளை வகுப்பறையில் பொதுவாக வைத்திருந்தால் 11 பேருக்கும் உதவியிருக்கும்.

கார்த்திகையில் செய்முறைப் பரீட்சை வந்தது. வெளியிலிருந்து பரீட்சகர்கள் வந்தார்கள். கடைசி இரண்டு கிழமை பிள்ளைகள் விழுந்து விழுந்து பாடினார்கள், ஒரே இருப்பில் மூன்று மணித்தியாலம், நான்கு மணித்தியாலம். பரீட்சை அன்று மூன்று பேருக்குக் குரல் கம்மிப்போனது. மாதக்கணக்கில் சும்மா கிடந்த குரலைத் திடீரென்று நீண்ட நேரம் வேலை வாங்கினால் குரல்நாண் வீங்கும். பாட்டை அவசரத்தில் மனப்பாடம் செய்யலாம், குரலை அவசரத்தில் பழக்க முடியாது. இதைக் கல்லூரி அளவுப் பிள்ளைகளுக்கு முதல் மாதமே உடம்புக் கணக்காக விளக்கிச் சொல்லவேண்டும். நான் சொல்லவில்லை. 11 பேரில் 4 பேர்தான் சித்தியடைந்தார்கள். பொறுப்பில் இருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளையளில பிழையோ, படிப்பிச்சதில பிழையோ?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் எழுந்து வந்து, கழிப்பறைக்குள் நின்று அழுதேன்.

அதன் பிறகு நான் செய்ததுதான் பெரிய பிழை. பிள்ளைகள் வீட்டில் பாடாவிட்டால் என் முன்னால் பாடட்டும் என்று சனிக்கிழமைகளில் இலவச வகுப்பு வைத்தேன். காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை. அவர்கள் வாய் திறக்கத் தயங்கத் தயங்க நான் இன்னும் பலமாகப் பாடினேன். என் குரலின் பின்னால் ஒளிந்துகொண்டு பாடிவிட்டுப் போனார்கள். மாலையில் கிளிநொச்சியில் எட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பும் இருந்தது. 2023 மாசியில் தொண்டை அடைத்தது. தடிமன் என்று கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்தபடி பாடிக்கொண்டே இருந்தேன். பங்குனியில் ஒரு காலை பஞ்சமத்துக்கு (ப) மேல் குரல் எழும்பவில்லை, வெறும் காற்று வந்தது. ஐந்து கிழமை அப்படியே இழுத்தடித்து, பிறகுதான் யாழ்ப்பாணத்தில் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போனேன். மூக்கால் மெல்லிய குழாய் விட்டுப் பார்த்து, இரண்டு குரல்நாணிலும் சின்ன முடிச்சு என்றார். சத்திரசிகிச்சை தேவையில்லை, குரலுக்கு ஓய்வும் பயிற்சியும் போதும். முதல் இரண்டு கிழமை ஒரு வார்த்தை பேசக்கூடாது, குசுகுசுக்கவும் கூடாது, அதுவும் நாணை வருத்தும் என்றார். தனி வகுப்பு நான்கு மாதம் நின்றதில் 80,000 ரூபாய் போனது. சுருதிப் பெட்டி, மருத்துவம், போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 1,40,000. குரல் கம்மல் இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால் கைவைத்தியத்தோடு நிற்காதீர்கள், போய்க் காட்டுங்கள். பாடிக் காட்டுவது ஓர் ஆவர்த்தனத்துக்கு இரண்டு முறை போதும். அதற்கு மேல் ஆசிரியர் பாடினால் பிள்ளை கேட்கிறது, பாடவில்லை.

மே மாத நடுவில், இன்னும் அதிகம் பேசக்கூடாது என்ற நிலையில், ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். இரண்டு கிழமையாக அவள் வரவில்லை. பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இறங்கி உள்ளே நடந்தால் வீட்டுத்திட்ட வீடு ஒன்று. இரண்டு அறை, கதவுக்குப் பதில் சேலைத் திரை. முன் சுவரில் மாலை போட்ட ஒரு பையனின் படம், அதன் கீழே ஒரு சின்னச் சிவப்பு மின்குமிழ். பிள்ளை பிளேன்ரீ கொண்டுவந்து தந்தாள். அம்மா வணக்கம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தேங்காய் துருவினார். எனக்குப் பேச முடியாது என்பதால் கையில் வைத்திருந்த கொப்பியில் எழுதினேன். "வீட்டில் எங்கே இருந்து பாடுறனி?" அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் முதுகைப் பார்த்தாள். என் கையிலிருந்த பேனையை வாங்கி அதே பக்கத்தில் எழுதினாள். "அண்ணா பாடுறவர். நான் பாடினா அம்மா அழுவா. மே மாதம் நாங்கள் ரேடியோவும் போடுறேல்ல." அதற்குக் கீழே கொஞ்ச நேரம் கழித்து இன்னும் ஒரு வரி. "கையெழுத்து அம்மாதான் வைச்சவ ரீச்சர்." தேங்காய் துருவுகிற சத்தம் நின்றிருந்தது. பிள்ளை பாடாத ஒவ்வொரு நாளுக்கும், தன்னால்தான் பாடவில்லை என்று தெரிந்துகொண்டு, அந்தத் தாய் பாடியதாகக் கையெழுத்து வைத்திருக்கிறார். அந்தக் கையெழுத்தைக் கேட்டவள் நான்.

அடுத்த பத்து நாளில் எல்லா வீட்டுக்கும் போனேன். எல்லா வீட்டிலும் இப்படிப்பட்ட காரணம் இல்லை. இரவுக் காவல் வேலை முடித்துப் பகலில் உறங்கும் அப்பா. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற தம்பி. "சரளி வரிசையைத் திருப்பித் திருப்பிப் பாடினா, பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளைக்குப் பாட்டு வராதோ எண்டு கேக்கினம், வெக்கமாக் கிடக்கு" என்றாள் ஒருத்தி. இது பெரிய விசயம். சாதகம் என்பது பிழைவிட்டுப் பாடுவது. பிழைவிட்டுப் பாடுவதை ஊருக்குக் கேட்கப் பாட எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. ஒட்டுசுட்டான் பக்கப் பிள்ளை ஒருத்தியின் தாத்தா கோவலன் கூத்து ஆடுவித்த அண்ணாவியார். வகுப்பில் வாய்க்குள் முணுமுணுக்கிற அந்தப் பிள்ளை, நான் போனபோது வயல் வரம்பில் நின்று கூத்துப் பாட்டை நெஞ்சு திறந்து பாடிக்கொண்டிருந்தாள். குரல் இருக்கிறது, மனமும் இருக்கிறது. இடமும் தனிமையும்தான் இல்லை. ஒன்றரை வருடமாக "ஏன் பாடவில்லை" என்று கேட்ட நான், "எங்கே பாடுவாய், எத்தனை மணிக்குப் பாடுவாய், யாருக்குக் கேட்கும்" என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நீங்கள் முதல் கிழமையிலேயே கேளுங்கள். முடிந்தால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

வைகாசி முடிய, வகுப்பறைச் சாவியை வாங்கிக் காலை ஏழு மணிக்குத் திறந்து வைத்தேன். ஏழு பத்திலிருந்து ஏழு ஐம்பது வரை. கட்டாயம் இல்லை, வரவுப் பதிவு இல்லை. முதல் நாள் மூன்று பேர், எல்லாம் முந்திய பஸ்ஸில் வந்துவிடுகிறவர்கள். சுருதியைப் போட்டுவிட்டு நான் கையால் தாளம் மட்டும் போட்டேன். எனக்குப் பாட முடியாது, ஏச முடியாது, பிழை திருத்தவும் முடியாது. அந்த மௌனம் எனக்கு நோயாக வந்தது, பிள்ளைகளுக்கு அதுவே வசதியாகப் போனது. முதன்முறையாக அவர்களுக்குத் தங்கள் குரல் கேட்டது. மூன்றாம் நாள் ஒருத்தி பாதியில் நிறுத்தி, "ரீச்சர், எனக்குக் காந்தாரம் கீழ நிக்குது" என்றாள். நான் ஒன்றரை வருடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்த விசயத்தை அவளே கண்டுபிடித்தாள். ஒரு மாதத்தில் எட்டுப் பேர் வந்தார்கள். தனியாகப் பாடச் சொல்வதற்கு முன், கூட இருந்து பாடும் பழக்கம் வேண்டியிருக்கிறது. ஆறு ஏழு கிழமை அப்படிப் பாடிய பிறகுதான் வீட்டில் தனியே பாடத் துணிந்தார்கள்.

அந்த நாற்பது நிமிடத்தை எப்படிப் பிரிப்பது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் "போய்ப் பாடிப் பழகு" என்றால் பிள்ளைக்கு எதைப் பழகுவது என்றே தெரியாது. முதல் ஐந்து நிமிடம் கீழ் ஸ்தாயியில் "ஆ" என்று அகாரமாக நீட்டிப் பிடிப்பது, ஷட்ஜத்திலிருந்து (ஸ) மெல்ல மந்தர பஞ்சமம் (கீழ் ப) வரை, பலம் போடாமல். அடுத்த பத்து நிமிடம் ஜண்டை வரிசை அல்லது ஏதாவது ஓர் அலங்காரம் என்ற ஸ்வரப் பயிற்சி, முதல் இரண்டு காலம் (வேகம்) மட்டும். மூன்றாம் காலம் கிழமைக்கு ஒரு நாள் போதும். வேகத்தில் பாடும்போது பிழை ஒளிந்துகொள்ளும். மிச்ச நேரம் வர்ணத்தில் ஒரே ஓர் ஆவர்த்தனம். முழு வர்ணத்தையும் ஓடிப் பாடினால் தெரிந்த இடம் இன்னும் தெரிந்ததாகும், தெரியாத இடம் அப்படியே கிடக்கும். தடக்குகிற இடத்தை மட்டும் எடுத்து, பாதி வேகத்தில் ஐந்து முறை, பிறகு முன்பின் சேர்த்து. வகுப்பு முடியும்போது "நாளைக்கு நீ பாடப்போவது இந்த ஓர் ஆவர்த்தனம்" என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். கொப்பியில் நிமிடமும் கையெழுத்தும் போய்விட்டன. "இன்று எங்கே தடக்கியது?" என்ற ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியது. பாடாதவருக்கு அதில் பொய்யாக எழுதுவது கஷ்டம். பாடாத நாளில் "பாடேல்ல" என்று எழுதினாலும் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றேன், அப்படியே நடந்துகொண்டேன். கிழமைக்கு ஒருமுறை நான்கு மணித்தியாலம் பாடுவதைவிடத் தினமும் இருபது நிமிடம் எத்தனையோ மேல். பிள்ளைகளுக்கு இதை வாயால் சொன்னதைவிட, மூன்று கிழமை செய்து பார்த்ததும் அவர்களுக்கே விளங்கியது.

இரண்டு பையன்களிடமும் நான் மன்னிப்புக் கேட்கவேண்டியிருந்தது. வகுப்பு முழுவதும் பெண் பிள்ளைகளுக்கு வசதியான ஐந்தரைக் கட்டைச் சுருதியில் நடந்தது. அந்தச் சுருதியில் ஆண் குரல் மேலே பாடினால் தொண்டை இறுகும், கீழே பாடினால் அடியில் கரைந்துபோகும். இரண்டு வழியிலும் பிள்ளை தனக்குக் குரல் இல்லை என்று நம்பிவிடும். ஒருவன் அப்படித்தான் நம்பியிருந்தான். அவனைத் தனியே விறாந்தையில் இருத்தி அதைவிடத் தாழ்ந்த ஒன்றரைக் கட்டையில் பாட வைத்தபோது, முதல் ஷட்ஜம் நேராகப் போய் உட்கார்ந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எனக்குப் பேச்சு வராததற்கு அன்று தொண்டை காரணம் இல்லை. கலப்பு வகுப்பு எடுக்கிறவர்கள் முதல் நாளே ஒவ்வொரு பிள்ளைக்கும் சுருதி பாருங்கள். நேரம் போதாது என்றால் கடைசிப் பதினைந்து நிமிடத்தை ஆண் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். அந்தச் சிறுபோகத்தில் (கோடைக்கால நெற்செய்கையில்) அவன் வயல் காவலுக்கு இரவில் கொட்டிலுக்குப் போவான், யானையும் பன்றியும் வரும் பகுதி. போனில் தம்புரா போட்டுக்கொண்டு அங்கே பாடத் தொடங்கினான். விழித்திருக்க ஒரு வழி, பிழைவிட்டாலும் கேட்க ஆள் இல்லை. வன்னியில் அதைவிட நல்ல சாதக இடத்தை என்னால் கண்டுபிடித்துக் கொடுத்திருக்க முடியாது.

இன்னும் இரண்டு விசயம் உதவின. வட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்து, முப்பது விநாடிக்கு மேற்படாத ஒலிப்பதிவு அனுப்பச் சொன்னேன். டேட்டாவுக்குக் காசு இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள், முப்பது விநாடி அதிகம் தின்னாது. நான் ஒரே ஒரு விசயம்தான் பதிலாக எழுதுவேன், "நிஷாதம் இன்று நன்றாக நின்றது" என்பதுபோல. மற்றது கோயில். பரீட்சை ஆறு மாதத்துக்கு அப்பால் இருக்கும், வெள்ளிக்கிழமைப் பூசை மூன்று நாளில் வரும். அவரவர் ஊர்க் கோயிலில் பஞ்சபுராணம் (பூசையில் பாடும் ஐந்து திருமுறைப் பாடல்கள்) பாட ஒழுங்கு செய்தோம். சித்தியடைய வேண்டும் என்று பாடாத பிள்ளை, ஊர்ச் சனத்துக்கு முன்னால் சுருதி விலகக்கூடாது என்று விடிய எழும்பிப் பாடியது. படத்துக்குக் கீழே மின்குமிழ் எரிந்த அந்த வீட்டுப் பிள்ளை கோயிலில் பாடிய அன்று தாயும் வந்திருந்தார். தூணோடு நின்று கேட்டார். அழுதார்தான். ஆனால் கடைசிவரை நின்றார். இப்போது வீட்டிலும் பாடுகிறாள், மே மாதம் தவிர. அந்த மாதம் முழுவதும் அவளுக்குக் காலை வகுப்பறைதான், அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

2023 மார்கழியில் மறுபடி செய்முறைப் பரீட்சை. இருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் சித்தி. இருந்த ஒன்பது பேர் என்று சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரண்டு பேர் இடையில் நின்றுவிட்டார்கள். ஒருத்திக்குக் கலியாணம். மற்றவள் அந்த வருட நடுவில் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். சாதகக் கொப்பியில் சனிக்கிழமையை முன்கூட்டியே எழுதியவள் அவள்தான். நான் அவளுடைய வீட்டுக்குப் போன நேரத்தில் வேலைக்குப் பெயர் கொடுத்து முடிந்திருந்தது. இரண்டு மாதம் முந்திப் போயிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. போகும்போது ஒன்றுதான் கேட்டாள், "ரீச்சர், குறூப்பில இருந்து என்னை எடுத்துப்போடாதேங்கோ." எடுக்கவில்லை. வேலை முடிந்து வரும் வாகனம் இறக்கிவிட்ட பிறகு, இரவு ஒன்பதரை போல் சில நாட்களில் அவளிடமிருந்து ஒலிப்பதிவு வரும். போன கிழமை வந்தது ஜண்டை வரிசை, இரண்டாம் காலம், பின்னால் நாய் குரைக்கிறது. காந்தாரம் சரியான இடத்தில் நிற்கிறது. தைவதம் கொஞ்சம் ஏறியிருந்தது, அதை எழுதி அனுப்பினேன்.